தொட்டில் நடை

லாடக்காரருக்கு முகம் நினைவில் நிற்காது. அதை ஒரு குறையாக அவர் சொன்னதில்லை. எனக்குக் காரம் ஆகாது என்று சிலர் சொல்வதுபோலச் சொல்வார்.

சேலத்தில் இரண்டு வருடம் ஆசிரியைப் பயிற்சி முடித்து நான் சேந்தமங்கலத்துக்குத் திரும்பிய அன்று, பஸ்ஸை விட்டு இறங்கிச் சந்தைத் திடலைக் கடந்து வந்தேன். கண்ணாடி போட்டிருந்தேன். காலில் செருப்பு இருந்தது. புடவையைப் பட்டணத்து மாதிரியில் கட்டியிருந்தேன். என் சொந்தச் சித்தப்பா என்னை யாரோ அதிகாரி வீட்டுப் பெண் என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கினார். எனக்கு அது பிடித்திருந்தது. லாடக்காரர் வேப்பமரத்தடியில் ஓர் எருதின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“வண்டிக்காரர் மவளா? வா சாமி. எடது செருப்பு பெருசு. அடுத்த வாட்டி அளந்து வாங்கு” என்றார்.

செருப்பு பெரியதுதான். கடையில் அந்த ஒரு ஜோடிதான் இருந்தது.

என் அப்பா நாமக்கல்லுக்கு வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவர். எங்கள் எருதுகளுக்கு லாடக்காரர்தான் லாடம் அடிப்பார். ஆகவே நான் தவழ்ந்த நாளிலிருந்து அவருக்கு என்னைத் தெரியும். அதாவது என் கால்களைத் தெரியும். ஒரு சாண் உயரமுள்ள பலகையில் அவர் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து பார்த்தால் உலகம் முழங்காலோடு முடிந்துவிடும். அதற்கு மேலே இருப்பதைப் பற்றி அவர் அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

எருதைக் கீழே தள்ளி, நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, மல்லாத்தி வைத்துத்தான் லாடம் அடிப்பது வழக்கம். எல்லா லாடக்காரர்களும் மாடு வந்ததும் தள்ளிவிடுவார்கள். இவர் தள்ளவிடமாட்டார். “இருவது அடி நடத்திக் காட்டுங்க” என்பார். எவ்வளவு அவசரமானாலும் சரி, இருபது அடி போய் இருபது அடி வரவேண்டும். சந்தை நாளில் பத்து ஜோடி காத்திருக்கும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். என் அப்பா ஒருமுறை, நட்டுவனார் முன்னால் ஆடிக் காட்டுவதுபோல என் எருது இவர் முன்னால் ஆடவேண்டியிருக்கிறது என்று சொன்னார். லாடக்காரர் அதற்கும் சிரிக்கவில்லை. நின்ற காலில் ஒன்றும் இல்லை, நடக்கிற காலில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். எந்தப் பக்கம் தேய்கிறதோ அந்தப் பக்கம் இரும்பு கூட வேண்டும். அதை நடந்து காட்டாமல் எருது எப்படிச் சொல்லும்?

இது வரைக்கும் நியாயமாகத்தான் இருந்தது. இதற்கு மேல் அவர் சொன்னதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை.

நாலுகால் மிருகத்துக்கு இரண்டு நடை என்பது அவர் கணக்கு. வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து போவது ஒன்று. அது கத்தரி நடை. கழுதை ஓடுவது அப்படித்தான்; முதுகில் இருப்பதைத் தூக்கித் தூக்கிப் போடும். இன்னொன்று, ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போவது. அதற்குத் தொட்டில் நடை என்று பெயர் வைத்திருந்தார். உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆடும், முதுகு குலுங்காது. நாட்டுக் குதிரைகளில் நூற்றில் ஒன்றுக்கு அது வாய்க்கும். கழுதையில் கிடையவே கிடையாது. இவ்வளவும் கண்ணால் பார்க்கக்கூடியது. நானும் பார்த்தேன், சரிதான். ஆனால் அந்த நடை ரத்தத்தில் வருவது, தாய் தகப்பன் கொடுக்காமல் வராது என்று அவர் சாதித்தார்.

நான் படித்தவள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் இல்லை. குழந்தை மனவியல் என்ற பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். நடை, பேச்சு, உட்காரும் விதம் எல்லாம் பழக்கத்தால் வருவன என்று அதில் தெளிவாக இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். அவர் ஆணியை வாயில் கவ்விக்கொண்டு கேட்டார். ஒன்றுமே பெற்றோரிடமிருந்து வராதா என்றார். நான் நேர்மையாக, சிலது வரும் என்றேன். ஐரோப்பாவில் ஒரு பாதிரியார் பட்டாணிச் செடி வளர்த்துக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தால் முதல் விளைச்சலில் குட்டை மறைந்துவிடும். பேரப்பிள்ளைச் செடிகளில் திரும்ப வரும். எங்கள் பயிற்சிப் பள்ளியில் இதைக் கரும்பலகையில் வரைந்தே காட்டினார்கள்.

அவர் வாயிலிருந்து ஆணியை எடுத்தார். “நெசமாவா? குருதையிலயும் அப்படித்தானுங்க. மவங்கிட்ட இருக்காது, பேரங்கிட்ட இருக்கும். அந்தச் சாமியார் நல்லாத்தான் பாத்திருக்காரு.”

“அது உயரத்துக்கும் நிறத்துக்கும்தான். நடைக்கு இல்லை” என்றேன்.

“ஏனுங்க?”

“அவர் பட்டாணியில்தான் பார்த்தார்.”

“பட்டாணி நடக்காதில்லீங்க. நடந்திருந்தா பாத்திருப்பாரு.”

நான் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை மறுபடி பார்த்தேன். நடக்கிற பிராணிகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதற்காக அவர் சொன்னது சரி என்று ஆகிவிடாது.

பழக்கத்தால் நடையை மாற்றமுடியும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருந்தது. பெரிய பண்ணைக்காரர் ஒருவர் மகன் கல்யாண ஊர்வலத்துக்காக அந்தியூர்ச் சந்தையில் ஒரு குதிரை வாங்கி வந்தார். தொட்டில் நடைக் குதிரை என்று சொல்லித்தான் விற்றார்கள். நடந்தும் காட்டிற்று. மாப்பிள்ளை அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துப் போட்டபடியே திடலைச் சுற்றி வந்தார். லாடக்காரர் பலகையில் இருந்தபடி பார்த்தார். எழுந்துபோய் ஒரு கோணிப்பையைத் தண்ணீரில் நனைத்து எடுத்து வந்தார். குதிரைக்குப் பின்னால் அதைத் தரையில் ஓங்கி அடித்தார். குதிரை மிரண்டு பாய்ந்தது. பாய்ந்ததும் கால்கள் கத்தரியாக மாறிவிட்டன. மாப்பிள்ளை கொஞ்ச தூரம் அதன் கழுத்தில் தொங்கிக்கொண்டு போனார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்யாணம் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று.

“இது கயிறு கத்துக்குடுத்த நடைங்க” என்று பண்ணைக்காரரிடம் சொன்னார். குட்டியிலேயே ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிப் பழக்கியிருக்கிறார்கள். பயம் வந்தால் பழக்கம் போய்விடும். பிறந்த நடை வந்துவிடும். இதை அவர் மிகவும் பணிவாகத்தான் சொன்னார். பண்ணைக்காரர் ஒரு வருடம் வரை தன் மாடுகளை நாமக்கல்லுக்கு அனுப்பி லாடம் அடித்தார்.

பார்த்தீர்களா, கற்றுக்கொடுத்தால் வருகிறதே என்று நான் கேட்டேன். “வருதுங்க. தங்கலியே” என்றார்.

மிருகங்களைப் பற்றித்தான் இப்படிப் பேசுவார். மனிதர்களின் நடையைப் பற்றி, இன்னார் பிள்ளைக்கு இன்னார் நடை என்று, ஒருநாளும் வாய்திறந்ததில்லை. ஊரில் சிலர் அவர் எதிரில் நடந்துபோகாமல் குளத்தங்கரை வழியாகச் சுற்றிப் போனதற்கு அதுதான் காரணம். சொல்லியிருந்தால்கூட அவர்கள் அவ்வளவு பயந்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பாவாயி வீட்டுக் குதிரை குட்டி போட்ட நாளன்று நான் அங்கே இருந்தேன். பாவாயி எங்கள் தெருவுக்குப் பின்னால் குடியிருந்தாள். புருஷன் இறந்துவிட்டார். கொழுந்தன் சக்கரத்தில் பானை வனைவார்; இவள் அவற்றைக் காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏற்றிக்கொண்டு போய் மலைக்காரர்களிடம் கேழ்வரகுக்கும் பலாப்பழத்துக்கும் மாற்றி வருவாள். மலைப்பாதை கல்லும் படியுமாக ஏறும். பானைகளை வலையில் கட்டிக் கழுதைமேல் ஏற்றினால் மேலே போய்ச் சேர்வதற்குள் பாதி ஓடாகிவிடும். பாவாயியின் குதிரை தொட்டில் நடைக் குதிரை. புருஷன் இருந்தபோது மூன்று கழுதையைக் கொடுத்து மாற்றியது. அதன்மேல் ஏற்றிய பானை ஒன்றுகூட உடையாது. பாவாயியின் பிழைப்பு அந்த நடையில்தான் இருந்தது.

அந்தக் குதிரை கழுதைகளோடு சேர்ந்து மேய்ந்ததன் பலனாக ஒரு கோவேறு கழுதைக் குட்டியை ஈன்றது. குதிரை கழுதையைப் பெற்றால் ஊருக்கு ஆகாது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எல்லைக்கு அப்பால் துரத்திவிடும்படி கிராம மணியக்காரர்கூட ஆலோசனை சொன்னார். லாடக்காரர் விடியற்காலையிலேயே வந்து பாவாயியின் வாசலில் குந்தியிருந்தார். குட்டி எழுந்து நிற்கும்வரை காத்திருந்தார். எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. தாயின் மடியைத் தேடிப் பத்தடி நடந்தது. ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து போயின. எனக்கும் தெரிந்தது. பிறந்து ஒரு பொழுதுகூட ஆகாத குட்டிக்கு யாரும் எதையும் பழக்கியிருக்கமுடியாது. ஆனால் ஒரு குட்டியை மட்டும் வைத்து முடிவு செய்வது முறையல்ல.

“தாயோட நடைதான் பாவாயி. கழுதை இதைக் குடுக்காது, குருதை குடுத்தது. வெரட்டிராத” என்றார்.

இதன் குட்டிக்கும் இந்த நடை வருமா என்று பாவாயி கேட்டாள். கோவேறு கழுதை குட்டி போடாது என்று அவர் சொன்னார். “இதோட சரி” என்றார். குட்டியை அல்ல, அதன் குளம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

குட்டி வளர்ந்து சுமை தூக்கத் தொடங்கிய வருடம், மலையடிவாரத்தில் மேயப் போனது திரும்பவில்லை. பாவாயி ராசிபுரம் வரை தேடினாள். அடுத்த கோடையில் தாய்க்குதிரையும் இறந்துபோயிற்று. மிஞ்சியது ஒரு கழுதை. பானைகள் உடைந்தன. மலைக்காரர்கள் முள்ளுக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வரும் பானைகளை வாங்கப் பழகிக்கொண்டார்கள். பாவாயி சேலத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்கல் வெட்டும் வேலைக்குப் போய்விடலாம் என்று இருந்தாள். அங்கே பிள்ளைகளுக்கும் கூலி உண்டு. அவளுடைய மூத்த பெண் என் வகுப்பில் படித்தாள். வாய்ப்பாட்டைப் பதினாறு வரை தடுமாறாமல் சொல்கிற ஒரே பெண் அவள்தான். ஆவணியோடு நிறுத்திவிடப் போவதாகப் பாவாயி என்னிடம் வந்து சொன்னாள். அழவில்லை. தகவலாகச் சொன்னாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. பட்டாளத்துக்குச் சுமை மிருகங்கள் வாங்க நாமக்கல்லில் முகாம் போட்டிருந்தார்கள். வாங்கியவற்றை ரயிலேற்றி பர்மா எல்லைக்கு அனுப்புவதாகப் பேச்சு. போனது எதுவும் திரும்பி வராது. ஒரு சந்தை நாள் ஆத்தூர்ப் பக்கத்துத் தரகர் ஒருவர் எட்டு கோவேறு கழுதைகளை வரிசையாகக் கட்டி ஓட்டிக்கொண்டு எங்கள் ஊர் வழியாக வந்தார். மறுநாள் நாமக்கல்லில் கொடுக்கவேண்டும். தண்ணீர் காட்டத் திடலில் நிறுத்தினார். பாவாயி ஐந்தாவது மிருகத்தின் கயிற்றைப் பிடித்தாள். பிறகு விடவில்லை.

மணியக்காரரை அழைத்து வந்தார்கள். கணக்குப்பிள்ளை காய்ச்சலில் படுத்திருந்தார். விசாரணையை எழுத ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். என் சொந்தப் பேனாவையும் மைப்புட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு ஒரு முக்காலி போட்டார்கள்.

பாவாயி அது தன்னுடையது என்றாள். தரகர் அதை மைசூர்ப் பக்கம் வாங்கியதாகச் சொன்னார். அடையாளம் என்ன என்று மணியக்காரர் கேட்டார். எட்டும் ஒரே நிறம்தான். காதில் பாவாயி போட்டிருந்த வெட்டு இருந்த இடத்தில் இப்போது சூட்டுத் தழும்பு இருந்தது. மிருகத்துக்கே தெரியட்டும் என்று யாரோ சொன்னார்கள். பாவாயி ஒரு கையில் சோளத்தட்டு நீட்டினாள், தரகர் ஒரு கையில் சோளத்தட்டு நீட்டினார். அது இரண்டையும் தின்றது.

தரகர் கெட்டிக்காரர். அவர் கூட்டத்தைப் பார்த்து, “இந்தம்மா குதிரை எப்படி நடக்கும்னு ஊருக்கே தெரியுமாமே. அதோட குட்டி தாய் மாதிரியே நடந்துச்சின்னு உங்க லாடக்காரருதான் சொன்னாராமே. இத நடத்திப் பாருங்க. அந்த நடை இருந்தா ஓட்டிக்கிட்டுப் போவட்டும்” என்றார்.

நடத்தினார்கள். சுத்தமான கத்தரி நடை. போகும்போதும் வரும்போதும் கத்தரி. பாவாயியின் முகம் போன போக்கை நான் எழுதவில்லை. அது விசாரணைக்கு உட்பட்டதல்ல.

அப்போது நான் எழுந்தேன். எழுதுகிறவள் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பேசினேன். நடை என்பது பழக்கத்தால் மாறக்கூடியது. ஒன்றரை வருடம் வேறு கழுதைகளோடு கட்டிப்போட்டால் அவற்றின் நடை வந்திருக்கும். ஆகவே இந்த நடையை வைத்து இது பாவாயியுடையது அல்ல என்று தள்ளமுடியாது. இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன் என்று தெளிவாக எடுத்துச் சொன்னேன். மணியக்காரர் தலையாட்டினார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பாவாயி முதல்முறையாகக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தாள்.

“டீச்சரம்மா சொல்றது தப்புங்க” என்றார் லாடக்காரர்.

அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்தின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். பிறந்த நடை சகவாசத்தால் போகாது என்றார். நாலு கழுதையோடு பத்து வருடம் கிடந்தாலும் போகாது.

“அப்பறம் என்ன? அவரே சொல்லிட்டாரு” என்றார் தரகர்.

எனக்குக் கடுங்கோபம் வந்தது. அவர் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒரு பொய்கூடச் சொல்லவேண்டாம். ஒரு விதவையின் பிழைப்பும் ஒரு பெண்ணின் படிப்பும் போனாலும் போகட்டும், தான் சொன்னது நிற்கவேண்டும் என்று ஒரு மனிதர் நினைப்பதாக நான் எண்ணினேன். பாவாயி அவரைத் திட்டவில்லை. “ஏனுங்க, நீங்கதான பாத்துச் சொன்னீங்க” என்று மட்டும் கேட்டாள்.

அவர் எழுந்துபோய்க் கோணிப்பையை நனைத்து வந்தார். மிருகத்தின் பின்னால் ஓங்கி அடித்தார். அது துள்ளிப் பாய்ந்தது. பாய்ச்சலிலும் கத்தரிதான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பண்ணைக்காரர் வீட்டு ஆட்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். லாடக்காரர் கையில் சொட்டுகிற கோணியோடு நின்றார். அவருடைய சோதனை பொய்த்து நான் பார்த்தது அன்றுதான்.

“இன்னொருக்கா நடத்துங்க” என்றார்.

இந்தமுறை அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார். மிருகம் இருபது அடி போய் வந்தது. “முன்னங்கால் கனமா உளுகுது” என்றார். பக்கத்தில் போய் இடது முன்காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்தார். சேற்றைக் கட்டைவிரலால் வழித்தார். பின்காலையும் தூக்கிப் பார்த்தார். திரும்பவும் முன்காலுக்கு வந்தார். வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தார். தரகர் நாமக்கல்லுக்கு நேரமாகிறது என்றார்.

லாடக்காரர் ஆணிகளைத் தொட்டுக்கொண்டே, “இந்த லாடம் என் கை அடிச்சதுங்க” என்றார்.

கடைசி ஆணியை உட்பக்கம் சாய்த்து அடிப்பது இந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். மணியக்காரர் குனிந்து பார்த்து ஆமாம் என்றார். லாடக்காரர் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். போன மாதம் பேளுக்குறிச்சிச் சந்தை. மழை. சந்தை கலைந்துகொண்டிருந்தது. இந்தத் தரகர் வந்து, உதைக்கிற மிருகம் என்று ஏற்கெனவே கீழே தள்ளிக் காலைக் கட்டிப் போட்டிருப்பதாகச் சொன்னார். முன்னங்கால் இரண்டுக்கும் இரட்டைக் கனத்தில் இரும்பு வேண்டும், மலைக்கல்லுக்குத் தாங்கவேண்டும் என்றார். இவர் அடித்துக் கொடுத்துவிட்டுக் கடைசி வண்டியைப் பிடிக்க ஓடினார்.

“முன்னால கனம் சேத்துனா தொட்டில் உடஞ்சு கத்தரியாயிருங்க. பயந்தாலும் காலைத் தூக்கிப் பழைய நடைக்கு மாத்த முடியாது. அது எனக்குத் தெரியும். கொளம்பு ஒருபக்கமா தேஞ்சிருந்ததையும் பாத்திருக்கோணும்.”

கல்லுக்கு என்றால் நான்கு காலுக்கும் கனம் போட்டிருக்கவேண்டுமே என்று மணியக்காரர் தரகரைக் கேட்டார். தரகர் வானத்தைப் பார்த்தார். அன்று மேகம் இல்லை.

லாடக்காரர் குறட்டால் முன்னங்கால் லாடங்களைக் கழற்றினார். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு மணியக்காரர் முன்னால் வைத்தார். மிருகத்தை நடத்தினார்கள். முதல் பத்தடி அப்போதும் கத்தரிதான். தரகர் தொண்டையைக் கனைத்தார். காலுக்கு இன்னும் கனம் நினைவிருக்கிறது, சுமை ஏற்றுங்கள் என்றார் லாடக்காரர். பாவாயியின் கொழுந்தன் வலைகளோடு பானைகளைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் ஏற்றினார். மேலே இருந்த பானையில் பாவாயி விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினாள். அவளே கயிற்றைப் பிடித்து நடத்தினாள்.

நாலாவது அடியில் மாறிற்று. வலது இரண்டும் சேர்ந்து, இடது இரண்டும் சேர்ந்து, முதுகு ஆற்றுத் தண்ணீர்போலப் போயிற்று. இருபது அடி போய் இருபது அடி வந்தது. பாவாயி பானைக்குள் பார்க்கவில்லை. கூட்டம்தான் எட்டிப் பார்த்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கத்தரியாக ஓடுகிற கழுதைத் தகப்பனுக்கு, தொட்டில் நடைக் குதிரையைத் தவிர வேறு எதன் வயிற்றிலும் இப்படி ஒன்று பிறக்காது என்பதை அந்தத் திடலில் இருந்த அத்தனை பேரும் லாடக்காரர் வாயால் பலமுறை கேட்டிருந்தார்கள். இந்தச் சுற்று வட்டாரத்தில் அப்படி இருந்தது ஒரே குதிரைதான்.

தனக்கு விற்றவன் தன்னை ஏமாற்றிவிட்டதாகத் தரகர் சொன்னார். மணியக்காரர் அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதினேன். மிருகம் பாவாயியுடையது என்று தீர்ப்பாயிற்று. அதையும் எழுதினேன். தரகர் மீதி ஏழையும் ஓட்டிக்கொண்டு வேகமாகப் போனார். ஏழும் கத்தரி நடை. பாவாயி தன்னுடையதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். லாடக்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அதன் பின்னங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. மை உலரட்டும் என்று நான் காகிதத்தில் மணலைத் தூவினேன். லாடக்காரர் என் முக்காலிக்கு எதிரில் வந்து நின்றார்.

“என்னுதையும் எழுதுங்க” என்றார்.

உன்மேல் யாரும் பிராது சொல்லவில்லையே என்றார் மணியக்காரர்.

“நான் சொல்றேனுங்க.”

மணியக்காரருக்குச் சாப்பாட்டு நேரம். எழுதித் தொலையுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து வேட்டியைத் தட்டினார். என்ன எழுதவேண்டும் என்று கேட்டேன். லாடக்காரர் சொன்னார், நான் அதைச் சரியான தமிழில் மாற்றி எழுதினேன். ‘இந்தக் கோவேறு கழுதையை நடத்திப் பார்க்காமல் லாடம் அடித்தவன் நான்.’ கீழே அவர் பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுதி, கைநாட்டுக்குக் கொஞ்சம் இடம் விட்டேன்.

படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் குனிந்து காகிதத்தைப் பார்த்தார். என் எதிரில் அவர் அவ்வளவு நேரம் முழங்காலுக்கு மேலே எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

“இதுல ‘பாக்காம’ங்கறது எதுங்க?”

விரலை வைத்துக் காட்டினேன். அவர் என் மைப்புட்டியில் பெருவிரலைத் தோய்த்தார். கீழே நான் விட்டிருந்த இடத்தைச் சுட்டிக் காட்டினேன். அவர் கவனிக்கவில்லை. அந்தச் சொல்லின் மேலேயே விரலை வைத்து, ஆணியை இறக்குவதுபோல மெதுவாக அழுத்தினார். மிக அழகாக எழுதப்பட்ட அந்த வரியில் அந்த ஒரு சொல்லை மட்டும் இப்போது யாராலும் படிக்கமுடியாது.